தங்கம்-25: குடுவையில் கடைசிவரை நிற்கும் கொத்து

கால் கிராம் தங்க உப்பிலிருந்து 25 அணுத் தங்க நானோகொத்தைச் செய்து, கழுவி, அடையாளத்தை உறுதிசெய்து, அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சோதிக்கும் வேலையின் பதிவு இது. கொத்தைப் போர்த்தும் ஈனி, அதாவது லிகண்ட், ஃபீனைல் எத்தேன் தயோல். முதுநிலை வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் சாமான்களே பெரும்பாலும் போதும். நிறை நிறமாலைமானியை மட்டும் வெளியில் தேட வேண்டியிருக்கும்.

அமைப்பை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ஒவ்வோர் அளவுக்கும் ஒவ்வொரு காத்திருப்புக்கும் காரணம் அதில் இருக்கிறது. நடுவில் ஒரு தங்க அணு. அதைச் சுற்றி, இருபது முக்கோண முகங்கள் கொண்ட ஐகோசஹீட்ரனின் பன்னிரண்டு முனைகளிலும் ஒவ்வோர் அணு. இந்த 13 அணுக்கள் சேர்ந்ததுதான் கரு. மீதி 12 தங்க அணுக்கள் கருவுக்கு வெளியே, இரண்டிரண்டாக, ஆறு வளைவுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவும் கந்தகம், தங்கம், கந்தகம், தங்கம், கந்தகம் என்ற வரிசை. காகிதத்தைக் கவ்வும் ஸ்டேப்பிள் முள் போல, இரண்டு முனைக் கந்தகங்களும் கருவைக் கவ்வியிருக்கும். துறையில் எல்லோரும் அதை ஸ்டேப்பிள் என்றே சொல்கிறார்கள். ஆறு ஸ்டேப்பிளுக்கு 18 கந்தகம். அவற்றில் 12 கருவைத் தொடுபவை, 6 வளைவின் நடுவில் இருப்பவை. 2008இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ராய்ஸ் முர்ரே குழுவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோங்சாவ் ஜின் குழுவும் இதை எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வில் தனித்தனியே கண்டுகாட்டின. ஹன்னு ஹாக்கினென் குழு அதே ஆண்டில் கணக்கீட்டின் வழியாகவும் இதே அமைப்புக்கு வந்து சேர்ந்தது.

அடுத்தது எலக்ட்ரான் கணக்கு. ஒவ்வொரு தங்க அணுவும் ஓர் எலக்ட்ரான் தருகிறது: 25. ஒவ்வொரு தயோலேட்டும், அதாவது ஹைட்ரஜனை இழந்து கந்தகத்தால் தங்கத்தோடு பிணைந்த தயோலும், ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது: 18 கழிந்தது. கொத்தின் மேல் ஓர் எதிர்மின்சுமை இருந்தால் ஒன்று கூடும். 25 கழித்தல் 18 கூட்டல் 1, மொத்தம் 8. மந்த வாயுவின் வெளிக்கூடு நிறைந்திருப்பதைப் போல, கருவின் 8 எலக்ட்ரான்களும் ஒரு மூடிய கூட்டை நிரப்புகின்றன. தங்கம்-102இல் 44 தயோலேட் கழித்தால் 58, அதுவும் மூடிய கூடு. ஆனால் இந்தக் கணக்கு மட்டுமே உறுதியைத் தீர்மானித்துவிடாது. அது எங்கே போதாமல் போகிறது என்பது உறுதிச் சோதனையில் வெளிப்படும்.

தங்க உப்புக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கும் குறைப்பானான போரோஹைட்ரைடை ஊற்றியதும் உண்டாவது தங்கம்-25 என்று நினைத்துக்கொண்டுதான் பலர் இந்த வேலையைத் தொடங்குகிறார்கள். அந்த நொடியில் உண்டாவது பல அளவுக் கொத்துகளின் கலவை. மிச்சமிருக்கும் தயோல் அந்தக் கலவையில் உறுதியற்றவற்றை மெல்ல அரித்துக் கரைக்கிறது. அரிப்பைத் தாங்குவது தேங்கிச் சேர்கிறது. ஆகவே கிளறுவதும் காத்திருப்பதும்தான் இந்தத் தயாரிப்பின் உண்மையான வேலை. உப்பைக் குறைத்து முடிக்கும் வேலை சில நொடிகளில் ஆகிவிடும்.

சாமான்களும் அளவுகளும்

தங்க உப்பு மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட குளோரோஆரிக் அமிலம், 250 மி.கி., அதாவது 0.635 மில்லிமோல். டெட்ரா ஆக்டைல் அம்மோனியம் புரோமைடு 417 மி.கி., மோல் கணக்கில் தங்கத்துக்கு 1.2 மடங்கு. கரைப்பானாக டி.எச்.எஃப்., அதாவது டெட்ரா ஹைட்ரோ ஃபியூரான், 18 மி.லி. ஃபீனைல் எத்தேன் தயோல் 0.43 மி.லி., தங்கத்துக்கு 5 மடங்கு. சோடியம் போரோஹைட்ரைடு 240 மி.கி., 10 மடங்கு. பனிக்கட்டியில் குளிர்ந்த 6 மி.லி. தூய நீரில், ஊற்றுவதற்குச் சற்றுமுன் கரைக்க வேண்டும். இவை தவிர மெத்தனால், அசிட்டோநைட்ரைல், டொலுயீன், எத்தனால். குடுவை 50 மி.லி. அளவு போதும், ஆனால் 100 மி.லி. எடுப்பது நல்லது. குறைப்பானை ஊற்றியதும் எழும் நுரை 50 மி.லி. குடுவையின் கழுத்துவரை ஏறிவிடும். போரோஹைட்ரைடு முழுதும் நீரோடு வினைபுரிந்து முடியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் ஏறத்தாழ 0.6 லிட்டர். குடுவையை ஒருபோதும் இறுக மூடாதீர்கள். ரப்பர் மூடியில் ஊசி ஒன்றைக் குத்தித் திறந்தபடி விடுங்கள்.

5 மடங்கு தயோல் எதற்கு? தங்கம் உப்பில் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. அதை முதலாம் நிலைக்கு இறக்க இரண்டு தயோல் டைசல்பைடாக மாறிச் செலவாகிறது. இறங்கிய தங்கத்தோடு ஒன்று பிணைகிறது. ஆக மூன்று போய்விட்டது, மீதி இரண்டு மடங்குதான் அரிப்பு வேலைக்கு. தயோலை 3 மடங்காகக் குறைத்தால் நிறமாலையில் 520 நானோமீட்டர் பக்கம் மேடு தட்டும் பெரிய துகள்கள் மிஞ்சுவதற்கு இதுவே காரணம். அவற்றை அரிக்கக் குடுவையில் தயோல் இருக்காது.

கண்ணாடிச் சாமான்களை ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கழுவி, நிறைய தூய நீரில் அலசி, அடுப்பில் உலர்த்துங்கள். பழைய தங்கத் துணுக்கு ஒன்று சுவரில் ஒட்டியிருந்தாலும் அதைப் பற்றிக்கொண்டு உலோகம் படியும். குடுவையின் அடியில் ஊதாப் படலம் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ராஜதிராவகத்தைத் தேவைக்கு மட்டும் கலந்து, மூடி வைக்காமல், அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான் எதுவும் அருகில் இல்லாதபடி ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டில் கையாளுங்கள். தங்க உப்பை உலோகக் கரண்டியால் அள்ளக் கூடாது. கரண்டி அரிக்கப்படும், இரும்பு கரைந்து உப்பில் கலக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கரண்டி எடுங்கள். இந்த உப்பு ஈரத்தை வேகமாக இழுக்கும். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் திறந்த சில நிமிடங்களில் பிசுபிசுத்துவிடும். எடையைத் துல்லியமாக்க ஒரு வழி உண்டு. பாட்டில் முழுவதையும் ஒரே தடவை நீரில் கரைத்து, செறிவைக் குறித்து வைத்துக்கொண்டு கன அளவில் எடுப்பது. ஆனால் இந்த முறையில் வினை டி.எச்.எஃப்.இல் நடப்பதால் கூடுதல் நீர் புகும். எனவே திண்ம உப்பைச் சட்டென்று எடைபோடுவதே இங்கே பொருத்தம், ஐந்து மி.கி. கூடினாலும் குறைந்தாலும் வினை கெடாது.

தயோலின் நாற்றம் கட்டடம் முழுக்கப் பரவக்கூடியது. தொட்ட எல்லாவற்றையும், கையுறை, பிப்பெட் முனை, காகிதம் உட்பட, பிளீச் கரைசலில் ஊறவைத்துவிட்டுத்தான் ஹூட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பிளீச் தொட்டியில் அமிலமோ அசிட்டோனோ ஊற்றாதீர்கள். டி.எச்.எஃப். பழைய பாட்டிலாக இருந்தால் பெராக்சைடு சோதனைத் தாளில் பார்த்துவிடுங்கள். பாதுகாப்புக்காக மட்டுமல்ல, பெராக்சைடு தயோலையும் தின்னும்.

வினை

தங்க உப்பை டி.எச்.எஃப்.இல் கரைத்ததும் மஞ்சள் நிறம். அம்மோனியம் புரோமைடைச் சேர்த்ததும் செம்மஞ்சளாக ஆழ்ந்து போகும். தங்கத்தைச் சுற்றியிருந்த குளோரைடுகளின் இடத்தைப் புரோமைடு பிடிப்பதால் வரும் நிறம் அது. 15 நிமிடம் கிளறிவிட்டுத் தயோலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் மெல்ல வெளுத்து, நிறமற்ற கரைசலாகவோ லேசான பால் கலங்கலாகவோ மாறும். மஞ்சள் சாயல் துளி இருந்தாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மூன்றாம் நிலைத் தங்கம் மிச்சமிருக்கும்போது போரோஹைட்ரைடு விழுந்தால் உலோகம் ஒரேயடியாகத் திரண்டு பெரிய துகள்களாகிவிடும். முதலாம் நிலையில் தயோலேட்டோடு பின்னியிருக்கும் தங்கம் அப்படித் திரளாது. அறை வெப்பத்தில் இந்த வெளுப்புக்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பாருங்கள்.

வெளுத்ததும் கிளறும் வேகத்தைக் கூட்டிவிட்டு, குளிர்ந்த போரோஹைட்ரைடு கரைசலை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கரைசல் அந்தக் கணமே கரும்பழுப்பாகும். துளித்துளியாக விட்டால் முதலில் உண்டான கருக்கள் வளர்ந்துகொண்டே போக, பின்னால் வருபவை அவற்றின் மேல் படிந்துவிடும். அளவுப் பரவல் அகலமாகும். போரோஹைட்ரைடு பழசாகிக் கட்டிதட்டியிருந்தால் புதுப் பாட்டிலைத் திறங்கள். ஈரம் பட்ட போரோஹைட்ரைடில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று தெரியாமல் 10 மடங்கு என்று கணக்கிடுவதில் பொருளில்லை.

இனிக் காத்திருப்பு. அறை வெப்பத்தில், மிதமான கிளறலில், காற்று லேசாகப் படும்படி இரண்டு நாள். இடையிடையே 50 மைக்ரோலிட்டர் எடுத்து 3 மி.லி. டி.எச்.எஃப்.இல் கலந்து யூவி-விசிபிள் நிறமாலை எடுங்கள். முதல் மணி நேரத்தில் சரிவான ஒரு கோடு மட்டும்தான் இருக்கும், எந்த மேடும் இருக்காது. பிறகு 680 நானோமீட்டர் பக்கம் ஒரு புடைப்பு எழும்பும். 450இலும் 400இலும் மேடுகள் தெளியும். 800 பக்கம் ஒரு தோள் தெரியும். இந்த நாலும் சேர்ந்ததுதான் எதிர்மின்சுமை கொண்ட தங்கம்-25இன் கையெழுத்து. அடுத்தடுத்த இரண்டு நிறமாலைகளில் 680 மேட்டுக்கும் அதன் இடப்பக்கப் பள்ளத்துக்கும் உள்ள விகிதம் மாறாமல் நின்றால் நிறுத்திவிடலாம். அதற்கு மேலும் விட்டால் காற்று கொத்திலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கத் தொடங்கும்.

இரண்டு நாள் கழிந்தும் மேடு எழவில்லையென்றால் பெரும்பாலும் தயோல் போதவில்லை. 0.1 மி.லி. தயோலை மேலும் சேர்த்து இன்னொரு நாள் விட்டுப் பாருங்கள். 520இல் அகன்ற மேடு நின்றுவிட்டால் அந்தத் தொகுதியை இழுத்துப் பிடிக்க வேண்டாம். இரண்டு மூன்று நானோமீட்டருக்கு மேல் வளர்ந்த துகளை அறை வெப்பத்தில் தயோல் அரித்துத் தங்கம்-25 ஆக்குவது கடினம். தங்கத்தை மீட்கும் பாட்டிலில் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்குவதே மிச்சம்.

கழுவுதல்

முதலில் வடிகட்டி, கரையாத வெள்ளை உப்புகளை நீக்குங்கள். டி.எச்.எஃப்.ஐ ரோட்டரி ஆவியாக்கியில் 35 டிகிரிக்கு மேல் போகாமல் எடுங்கள். அடியில் நீரும் கறுப்பு எண்ணெய்ப் பசையும் மிஞ்சும். நீரை ஊற்றிவிட்டுப் பசையை மெத்தனாலில் குலுக்கிச் சுழலியில் இறக்குங்கள், 4000 சுற்றில் 5 நிமிடம். மேலே நிற்கும் மெத்தனாலில் தயோல், டைசல்பைடு, அதிகப்படி அம்மோனியம் உப்பு எல்லாம் போகும். மூன்று நாலு தடவை கழுவுங்கள். முதல் கழுவலில் மெத்தனாலோடு கொஞ்சம் நீர் கலந்தால் இழப்பு குறையும். தயோல் நாற்றம் நிற்கும்வரை கழுவ வேண்டும் என்றாலும், மூக்கை மட்டும் நம்பாதீர்கள். டைசல்பைடுக்கு அந்த நாற்றம் இல்லை.

பிறகு உலர்ந்த கறுப்புப் பொடியின் மேல் அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்குங்கள். தங்கம்-25இன் அம்மோனியம் உப்பு அதில் கரையும். 144 அணு போன்ற பெரிய கொத்துகளும் கரையாத தயோலேட் பாலிமரும் அடியில் நிற்கும். இந்த ஒரு படி பல நாள் நிறப்பிரிகை வேலையை மிச்சப்படுத்துகிறது. வடிகட்டி, ஆவியாக்கினால் கிடைப்பது கொத்து. எல்லாத் தங்கமும் கொத்தானால் கிடைக்க வேண்டியது 200 மி.கி. நடைமுறையில் 80 மி.கி. கிடைத்தால் நல்ல விளைச்சல்.

இந்த இடத்தில் சிலிக்கா ஜெல் பத்தியில் ஓட்டிச் சுத்தம் செய்யத் தோன்றும். எதிர்மின்சுமைக் கொத்து வேண்டுமென்றால் அதைச் செய்யாதீர்கள். காற்றுப்பட்ட சிலிக்காவில் கொத்து ஓர் எலக்ட்ரானை இழந்து, செம்பழுப்பு பச்சை கலந்த நிறமாக மாறி இறங்கும். மின்சுமையற்ற கொத்துதான் வேண்டுமென்றால் அதுவே வசதியான வழி.

படிகம் வளர்க்க 10 மி.கி. கொத்தை 1 மி.லி. டொலுயீனில் கரைத்து, மெல்லிய சோதனைக் குழாயில் வடிகட்டி இட்டு, அதன் மேல் 4 மி.லி. எத்தனாலைச் சுவர் வழியாக மெல்ல வழியவிடுங்கள். எத்தனாலின் அடர்த்தி குறைவு, மேலேயே நிற்கும். 4 டிகிரி குளிர்சாதனப் பெட்டியில், கம்ப்ரசர் அதிராத தட்டில் வையுங்கள். சில நாட்களில் கறுப்பு ஊசிகள் தெரியும். படிக ஒழுங்கில்லாத அமார்ஃபஸ் பொடியாக இறங்கினால் டைசல்பைடோ தயோலோ மிச்சம் என்று பொருள். மறுபடி மெத்தனால் கழுவல்.

இது தங்கம்-25தானா?

எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் ஒரு நானோமீட்டர் புள்ளிகள் தெரிந்தால் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. நுண்ணோக்கியின் எலக்ட்ரான் கற்றையே ஈனிகளைப் பிய்த்துக் கொத்துகளை ஒன்றோடொன்று இணைக்கும். நீங்கள் பார்க்கப் பார்க்கப் புள்ளிகள் பெரிதாகும். 25 அணுவா 38 அணுவா என்று அந்தப் படம் சொல்லாது.

நிறை நிறமாலைதான் தீர்ப்பு. லேசரால் மாதிரியை அயனியாக்கும் மால்டி முறையில் டி.சி.டி.பி. என்ற தாங்கியைக் கொத்துக்கு ஆயிரம் மோல் மடங்கு கலந்து, லேசர் சக்தியைச் சமிக்ஞை எழும் வாசலிலேயே வைத்து எடுங்கள். முழுக் கொத்து நிறை 7394இல் வர வேண்டும்: தங்கம் 4924, ஈனி 2470. லேசரைக் கூட்டினால் 6057இல் இன்னொரு கூர்முனை வளரும். நாலு தங்கமும் நாலு தயோலேட்டும் ஒரு வளையமாகப் பிரிந்து போன துண்டு அது. அதைப் பார்த்து இன்னொரு கொத்து கலந்திருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். லேசரைக் குறைத்தால் அது தேய்ந்தால் துண்டு, தேயாவிட்டால்தான் கலப்படம். கரைசலை மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்பிரேயில் எதிர்மின்சுமைக் கொத்து எதிர்முறையில் தானாகப் பறக்கும். மின்சுமையற்றதற்குச் சீசியம் அசிடேட் சேர்த்து நேர்முறையில் 7527இல் தேடுங்கள்.

கணக்கை இவ்வளவு கறாராகப் பார்ப்பதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. நீரில் கரையும் குளுடாதையோன் என்ற தயோல் போர்த்திய இதே கொத்தை 1998இல் 28 தங்கமும் 16 ஈனியும் என்று எழுதினார்கள். 2005இல் ஜப்பானில் ட்சுகுடா குழு எலக்ட்ரோஸ்பிரே அளவீட்டில் 25 தங்கம், 18 ஈனி என்று திருத்தியது. முதல் வாய்பாட்டின் நிறை 10416, இரண்டாவதன் நிறை 10438. வித்தியாசம் 22 மட்டுமே. ஒரு ஹைட்ரஜனின் இடத்தில் ஒரு சோடியம் உட்கார்ந்தாலும் கூடுவது அதே 22தான். போரோஹைட்ரைடு வழியாகச் சோடியம் நிறைந்திருக்கும் மாதிரியில், பிரிதிறன் குறைந்த கருவியில், இவை இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. நீரில் கரையும் கொத்துகளோடு வேலை செய்பவர்கள் ஐசோடோப்பு வரிசை தெளிவாகத் தெரியும் நிறமாலை இல்லாமல் வாய்பாடு எழுதவே கூடாது.

வெப்ப எடை ஆய்வு மலிவானது, ஆனால் நிறையச் சொல்லும். நைட்ரஜனில் சூடாக்கினால் ஈனிகள் பறந்து தங்கம் மட்டும் மிஞ்சும். மின்சுமையற்ற கொத்தில் இழப்பு 33.4 சதவீதமாக இருக்க வேண்டும். அம்மோனியம் அயனியோடு இருக்கும் எதிர்மின்சுமைக் கொத்தில் 37.4 சதவீதம். 40ஐத் தாண்டினால் கழுவல் போதவில்லை. அந்த நான்கு சதவீத இடைவெளியே உங்கள் கையில் இருப்பது எந்த மின்சுமை நிலை என்பதற்கு இரண்டாவது சாட்சி.

உறுதிச் சோதனை

கொத்தை 680இல் உறிஞ்சல் அளவு 0.5 பக்கம் வரும்படி கரைத்து, ஒரே அளவில் பல திருகுமூடிக் குப்பிகளில் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நிலைமையில் வைத்து, 680 மேட்டைக் காலத்தோடு ஒப்பிடுவது வழக்கமான முறை. டி.எச்.எஃப்., டைகுளோரோமீத்தேன் போன்றவை மூடியிடுக்கில் ஆவியாகிச் செறிவைக் கூட்டும். கொத்து அழிந்துகொண்டிருந்தாலும் உறிஞ்சல் நிலையாக இருப்பதுபோல் தோன்றும். குப்பியை ஒவ்வொரு முறையும் எடைபோட்டு, குறைந்த கரைப்பானை ஈடுசெய்யுங்கள். டொலுயீனில் இந்தத் தொல்லை குறைவு.

இந்தச் சோதனையில் மிகப் பரவலான பிழை ஒன்று உண்டு. காற்றில் வைத்த குப்பியில் சில நாட்களில் 800 தோள் மறையும், 450 மேடு தட்டையாகும், 400 மேடு கூர்மையாகும், நிறம் பச்சைக்குச் சாயும். உடனே கொத்து சிதைந்துவிட்டது என்று குறித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சிதைவே இல்லை. 25 தங்கமும் 18 ஈனியும் அப்படியே இருக்க, எலக்ட்ரான் ஒன்று மட்டும் போயிருக்கிறது: 8 போய் 7. உறுதிப்படுத்த, குப்பியிலிருந்து சிறிதளவு எடுத்து டி.எச்.எஃப்.இல் இட்டு, புதிய போரோஹைட்ரைடு கரைசல் ஒரு துளி விடுங்கள். பழைய நாலு மேடுகளும் திரும்பினால் ஆக்சிஜனேற்றம். திரும்பாவிட்டால், அல்லது மொத்த உயரமே சரிந்திருந்தால், சிதைவு. இந்த ஒரு துளிச் சோதனை இல்லாத உறுதித் தரவு எதையும் ஏற்காதீர்கள். 7 எலக்ட்ரான் நிலையில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று இருப்பதால், அத்தகைய எலக்ட்ரானைக் கண்டறியும் இ.பி.ஆர். கருவியிலும் அது தெரியும். 8 நிலையில் ஒன்றும் தெரியாது.

அடுத்த குப்பி இன்னும் சுவையானது. கொத்தோடு 4-டெர்ட்-பியூட்டைல் பென்சீன் தயோலை மிக அதிகமாகச் சேர்த்து 80 டிகிரியில் சூடாக்குங்கள். 680 மேடு போய்விடும். 480இலும் 580இலும் புதிய மேடுகள் வரும். போரோஹைட்ரைடு விட்டாலும் பழையது திரும்பாது. ஈனி மட்டும் மாறவில்லை, கொத்தே 28 தங்கமும் 20 தயோலேட்டும் கொண்ட இன்னொன்றாக மாறிவிட்டது. ஜின் குழு 2013இல் காட்டிய மாற்றம் இது. எலக்ட்ரான் கணக்கைப் பாருங்கள்: 28 கழித்தல் 20, இங்கேயும் 8. கூடு மூடியதுதான், ஆனால் கரு ஐகோசஹீட்ரன் இல்லை. வளையும் எத்தில் சங்கிலியின் இடத்தில், பருத்த பென்சீன் வளையம் கந்தகத்தை நேராகத் தொடும் ஈனி வந்ததும், ஆறு ஸ்டேப்பிள் கொண்ட பழைய உறையில் அதற்கு இடம் போதவில்லை. எலக்ட்ரான் கூடு, கருவின் வடிவம், ஈனியின் பருமன் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் இடத்தில்தான் ஒரு கொத்து நிற்கிறது. ஆகவே தங்கம்-25 உறுதியானது என்று ஈனியின் பெயரைச் சொல்லாமல் எழுதுவது அரைகுறைக் கூற்று.

பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பமும் உண்டு. டிரைஃபீனைல் ஃபாஸ்ஃபீனும் தயோலேட்டும் குளோரைடும் சேர்ந்து போர்த்திய இன்னொரு 25 அணுத் தங்கக் கொத்து இருக்கிறது. அதில் இரண்டு ஐகோசஹீட்ரன்கள் ஒரு முனையைப் பகிர்ந்துகொண்டு கோல்போல நிற்கின்றன. அதுவும் 670 பக்கம் உறிஞ்சும்! ஃபாஸ்ஃபீன் வழித் தயாரிப்பில் இறங்கியவர்கள் ஒரே மேட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

நடு அணுவை மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நெகிஷி குழு 2010இல் விடை தந்தது. நடுவில் பல்லேடியம் இருந்து மற்ற 24உம் தங்கமாக இருக்கும் கொத்து, கரைசலில் தங்கம்-25ஐவிட அதிக நாள் தாங்கியது. செய்முறை ஏறக்குறைய இதேதான், பல்லேடியம் உப்பு சேர்த்து. பிரித்தெடுப்பதுதான் பாடு.

நீரில் கரையும் உருவம்

குளுடாதையோன் வேண்டுமென்றால் வேலை சுருக்கம். 0.25 மில்லிமோல் தங்க உப்பும் 307 மி.கி. குளுடாதையோனும் 50 மி.லி. மெத்தனாலில், பனிக்கட்டித் தொட்டியில் அரை மணி. பிறகு 95 மி.கி. போரோஹைட்ரைடைக் கொண்ட 12.5 மி.லி. குளிர்நீர். ஒரு மணி நேரத்தில் இறங்கும் கறுப்பு வீழ்படிவை மெத்தனாலில் கழுவினால் கிடைப்பது பல கொத்துகளின் கலவை. ஜெல் எலக்ட்ரோபோரிசிஸில் பிரிக்கலாம். அதைவிட, நீரில் கரைத்து இன்னும் நிறையக் குளுடாதையோன் சேர்த்து 55 டிகிரியில் காற்றுப்பட வைப்பது மேல். மற்றவை அரிக்கப்பட்டு, கரையாத தங்கத் தயோலேட்டாக வெண்கலங்கலாய் இறங்கும். சுழலியில் அதை ஒதுக்கினால் மேலே செம்பழுப்பாகத் தங்கம்-25 நிற்கும். 672இல் மேடு தெரிகிறதா என்று பாருங்கள். கலங்கல் இறங்காவிட்டால் பி.எச். ஏறியிருக்கலாம், காரநிலையில் அந்தப் பாலிமர் கரைந்துவிடும்.

வைப்பு

உலர்ந்த படிகங்களை அம்பர் குப்பியில், நைட்ரஜன் நிரப்பி, உறைநிலைப் பெட்டியில் வையுங்கள், மாதக்கணக்கில் இருக்கும். கரைசலாகவே வேண்டுமென்றால் டொலுயீனில், 4 டிகிரியில், இருட்டில். பயன்படுத்தும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு நிறமாலை.

வெள்ளிக் கொத்துகளோடும் வேலை செய்யும் ஆய்வகங்களுக்கு ஓர் எச்சரிக்கை. இதே அமைப்புக் கொண்ட வெள்ளி-25, 2015இல் சவூதி அரேபியாவில் பக்ர் குழுவிடமிருந்து வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிரதீப் குழு அதையும் தங்கம்-25ஐயும் கரைசலில் கலந்து பார்த்தது. அறை வெப்பத்திலேயே உலோக அணுக்களும் ஈனிகளும் இடம் மாறி, 25க்கு 18 என்ற எலும்புக்கூடு குலையாமல் கலப்புக் கொத்துகள் வந்தன என்று 2016இல் வெளியிட்டது. நிறை நிறமாலையில் ஒரு தங்கத்தின் இடத்தில் வெள்ளி வந்தால் நிறை 89 குறையும். தங்கம்-25 என்று எழுதிய குப்பியில் 7394க்குக் கீழே 89, 178 இடைவெளியில் முனைகள் தெரிந்தால் கொத்து சிதைந்ததாக எடுத்துக்கொள்ளாமல், வெள்ளிக் கொத்துக்குப் பயன்படுத்திய பிப்பெட்டும் குப்பியும் எங்கே கலந்தன என்று தேடுங்கள். இரண்டு உலோகங்களுக்கும் கண்ணாடிச் சாமான், சுழலிக் குழாய், ஆவியாக்கிக் குடுவை எல்லாம் தனித்தனியாக, நிற நாடா ஒட்டிப் பிரித்து வைத்திருங்கள்.